முழங்கால் தண்ணியில என்னடா ஆயிடும்?

காசிக்கு வீசம் அதிகம் என்று விருத்தாசலத்துக்காரர்கள் பெருமையடித்துக் கொள்வது ஊரறிந்த விஷயம். கோயில் இருக்கிறது, மணிமுத்தாறு இருக்கிறது, பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. கடல் மட்டும்தான் இல்லை. அதற்குக் கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டர் தாண்டி கடலூர் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு பைக்கில் மூன்று பேர் உட்கார்ந்து பசங்கள் கிளம்பிவிடுகிறார்கள். முன்பு தேவனாம்பட்டினத்தோடு நின்றது, இப்போது மாமல்லபுரம், கோவளம் என்று நீள்கிறது. வேலைக்குப் போய்க் கொஞ்சம் காசு பார்த்தவர்கள் இலங்கையின் அறுகம்பே வரைக்கும் திட்டம் போடுகிறார்கள். எல்லாம் அலைச்சறுக்கு மோகம். தப்பே இல்லை, நல்ல விளையாட்டு. ஆனால் கிளம்பும்போது ஒருத்தன் தவறாமல் ஒரு வசனம் விடுவான் பாருங்கள்:

"ரெண்டாள் ஆழக் கிணத்துல தலைகீழா குதிச்சவன்டா நானு. முழங்கால் தண்ணியில என்னடா ஆயிடும்?"

ஆயிடும் மாப்ள. முழங்கால் தண்ணி என்பதால்தான் ஆயிடும்.

கிணற்றில் ஆழம் இருக்கிற வரைக்கும் குதிப்பவனுக்கு ஆபத்து குறைவு. அலைச்சறுக்கில் கணக்கு வேறு. ஒரு அலை ஏன் உடைகிறது? அடியில் தண்ணீர் போதாததால் உடைகிறது. அலையின் உயரத்தைப்போல ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் அது நிலைகொள்ளாமல் கவிழும். ஒன்றரை மீட்டர் அலை சுமார் இரண்டு மீட்டர் தண்ணீரில் கவிழ்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மணல் கரை சரிவாக ஏறுவதால் அலை மெதுவாக நொறுங்குகிறது. பவளப்பாறை அப்படியில்லை. மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் அந்தத் திட்டு ஆழத்திலிருந்து சட்டென்று எழும்பி நிற்கும். வேகம் குறையாமல் வந்த அலை அதன்மேல் ஏறி, முன்னால் இருக்கிற தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு கவிழும். இடுப்பளவு தண்ணீர் அந்த நொடியில் முழங்காலுக்கும் கீழே போய்விடும். நம்ம ஆள் தலைகீழாக விழப்போவது அதில்தான்.

விழுகிற இடம் மெத்தை இல்லை. உடைந்த பீங்கான் சில்லுக் குவியலில் செருப்பில்லாமல் நடக்கச் சொன்னால் விருத்தாசலத்தில் சின்னப் பிள்ளைகூட மாட்டேன் என்று சொல்லும். அந்தக் குவியலுக்கு உயிர் வந்து, இடுக்கு இடுக்காகக் கடல் முள்ளெலியும் சேர்ந்தால் அதுதான் பவளப்பாறை.

"அதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு" என்று சொல்பவர்கள் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கைப் பார்க்கட்டும். அலைச்சறுக்குப் போட்டி நடந்தது பாரிஸில் இல்லை, பசிபிக் தீவான தஹிதியின் டெயாஹுபோவில். ஆழமில்லாத பவளப்பாறை மேல் உடைகிற அலைக்கு உலகத்திலேயே பேர் போன இடம். பிரான்ஸின் ஜோஹன் டெஃபே முதல் சுற்றிலேயே பாறையில் தலை மோதித் தையல் போட்டுக்கொண்டார். அடுத்த சுற்றுக்கு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வந்தார். உலகத்தின் முன்வரிசை வீராங்கனைக்கே அந்த நிலைமை. நம்மாளுக்கு ஹெல்மெட் என்றால் போலீஸைக் கண்டால் பெட்ரோல் டேங்க் மேலிருந்து எடுத்து மாட்டுகிற சாமான்!

அப்படியானால் போகவே கூடாதா? இங்கேதான் அடுத்த கோஷ்டி வருகிறது. "கடல் பக்கமே போகாதே, அது பணக்காரன் விளையாட்டு, வெள்ளைக்காரன் விளையாட்டு" என்கிற பெரியவர்கள். கூடவே 'ஆழமான பகுதி, குளிக்கத் தடை' என்று ஒரு பலகையை நட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று கிளம்பிவிடும் அதிகாரிகள். இவர்கள் மேல்தான் கோபம் கூடுதலாக வர வேண்டும்.

இந்தியாவில் ஆண்டுக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் நீரில் மூழ்கிச் சாகிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கே சொல்கிறது. ஆறு, குளம், கிணறு, கடல் எல்லாம் சேர்த்துத்தான். பலகையால் நின்றிருந்தால் எப்போதோ நின்றிருக்கும். தடை போட்டால் பையன் போகாமல் இருக்க மாட்டான், சொல்லாமல் போவான். ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் போவான். அதாவது காப்பாற்ற யாருமில்லாத இடமாகப் பார்த்துப் போவான். பலகை செய்கிற வேலை அவ்வளவுதான்.

மாற்று வழி என்ன என்று கேட்டால் வெகுதூரம் போக வேண்டாம், கோவளம் போதும். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் யாரும் சொல்லித்தராமல் தானே பலகை பிடித்துக் கற்றுக்கொண்டவர். குப்பத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார், 2012இல் அது பள்ளியாகவே ஆனது. குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது என்பது அங்கே நிபந்தனை. பணக்காரன் விளையாட்டாம்! அதே கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று வாங்கியது. உயிர்காப்பு ஏற்பாடும் முதலுதவியும் இல்லாமல் அந்தக் கொடி கிடைக்காது. ஆக, மனசு வைத்தால் நம்ம ஊர்க் கடற்கரையிலும் முடிகிறது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. இன்னமும் 'வெள்ளைக்காரன் விளையாட்டு' என்றால் என்ன சொல்வது?

சொல்லித் தர வேண்டியது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம்:

ஒன்று, இறங்குவதற்கு முன் அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்து பார். எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை, ஊர்க்காரன் எந்த வழியாக உள்ளே போகிறான் என்று கவனி. உடையாத வழிதான் ஆழமான வாய்க்கால், போக வர அதுதான் பாதை.

இரண்டு, கடல் ஏற்றமா இறக்கமா என்று கேள். இலங்கைக் கரையில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் பாறை மேல் முழங்காலா இடுப்பா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. புதியவன் ஏற்றத்தில்தான் இறங்க வேண்டும்.

மூன்று, தலைகீழாகக் குதிக்காதே. விழும்போது உடம்பைப் பரப்பித் தட்டையாக விழு. இரண்டு கையாலும் தலையையும் கழுத்தையும் மூடு. மேலே வரும்போதும் கை முன்னால் இருக்கட்டும், பலகை திரும்பி வந்து மண்டையில் அடிக்கும்.

நான்கு, காலை ஊன்றாதே. எவ்வளவு ஆழம் குறைவோ அவ்வளவுக்கு மிதந்தே வா. காலுக்கு ரப்பர் காலணி, தலைக்கு ஹெல்மெட், பலகையைக் காலோடு கட்டும் கயிறு மூன்றும் அவசியம்.

ஐந்து, கீறல் சின்னதுதானே என்று விடாதே. பவளத்துகள் உள்ளே தங்கினால் சீழ் வைக்கும். நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, மருந்து போட்டு, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பார்.

ஆறு, தனியாகப் போகாதே. 'தண்ணி' போட்டுவிட்டுத் தண்ணியில் இறங்கவே இறங்காதே.

நாலாவது விதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. பவளம் கல் இல்லை, உயிர். பல வகைகள் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு செல்ஃபிக்காக அதன்மேல் ஏறி நின்றால் பத்து வருஷத்து வளர்ச்சி ஒரு மிதியில் போகும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் தேசியப் பூங்கா அறிவித்துக் காப்பாற்றப் பார்ப்பது இதைத்தான். கடல் சூடேறிப் பவளம் வெளுத்துக் கொண்டிருக்கிற காலத்தில் காலாலும் மிதிக்க வேண்டுமா?

ஒரு சின்ன வரவு செலவு. பயிற்சி, ஹெல்மெட், காலணி, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு சுமாரான செல்போன் விலைகூட வராது. அதை மிச்சம் பிடித்தால் எதிர்ப்பக்கம் எழுதப்படுவது ஒரு வீட்டின் மொத்த முதல். ஐந்தொகையில் அந்த நஷ்டத்தைத் தேய்மானம் என்று எழுதிச் சமாளிக்க முடியாது.

அதனால் கேட்க வேண்டியது இதுதான். கடலோரப் பள்ளிகளோடு நிறுத்தாமல், விருத்தாசலம் மாதிரி உள்ளூர்ப் பள்ளிகளிலும் நீச்சலும் கடல் பாடமும் வேண்டும். குப்பத்துப் பையனுக்கு அவன் அப்பா சொல்லித் தருகிறார். கடலை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிறவனுக்குத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. பலகை நடும் செலவில் பாதியை உயிர்காப்பாளருக்குக் கொடுக்கட்டும்.

அதுவரைக்கும், முழங்கால் தண்ணியில என்னடா ஆயிடும் என்று எவனாவது கேட்டால் பைக் சாவியைப் பிடுங்கி வைத்துக் கொள்ளுங்கள். உண்மையான நண்பன் செய்கிற வேலை அது.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாரும் நேராகப் போய்ப் பார் மேல் பலகை போட வேண்டாம். முதலில் மணல் அடியுள்ள இடத்தில், பயிற்சியாளரோடு. பாறை எங்கேயும் ஓடிப் போகாது :-)