இளைஞர் நலப் பணியில் சேர்வது எப்படி? சேர்ந்தால் மட்டும் போதுமா?

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே இல்லை, எந்நேரமும் கையில் போன்தான்" என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொள்வது எல்லா ஊரிலும் கேட்கிற பேச்சு. சரி, அந்தப் பையன் போனைக் கீழே வைத்துவிட்டு "ஊருக்கு ஏதாவது செய்கிறேன்" என்று எழுந்து வந்தால் யாரைப் பார்ப்பது, எங்கே பெயர் கொடுப்பது? அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆலங்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் அரசு சிமெண்ட் ஆலையால் பெயர் தெரிந்த ஆலங்குளம்.) சுற்றிலும் ராஜபாளையத்து நூற்பாலைகள், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் தறிகள், சிவகாசியின் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்கள். பிளஸ் டூ முடித்ததும் சிலர் கல்லூரிப் பேருந்தில் ஏறுகிறார்கள், சிலர் மில் வண்டியில் ஏறுகிறார்கள். ஒரே தெரு, ஒரே வயது. ஆனால் இளைஞர்களுக்காக அரசு திறந்து வைத்திருக்கும் கதவுகள் முதல் பேருந்தில் ஏறியவர்களுக்கு மட்டுமே தெரிகின்றன. இதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

கல்லூரியில் படிப்பவர்களுக்கு

எளிதான வழி என்.எஸ்.எஸ். எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. "எனக்காக அல்ல, உனக்காக" என்பது இதன் கொள்கை. சேர்வதற்குத் தேர்வு எதுவும் கிடையாது. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே உங்கள் கல்லூரியில் திட்ட அலுவலராக இருக்கும் ஆசிரியரிடம் பெயர் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், அதோடு ஒரு கிராமத்தில் 7 நாள் சிறப்பு முகாம். இவற்றை முடித்தால் சான்றிதழ்.

சீருடையும் அணிவகுப்பும் பிடித்தவர்களுக்கு 1948-ல் தொடங்கிய தேசிய மாணவர் படை இருக்கிறது. வேலைக்கான திறன் வேண்டுவோருக்குத் தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய "நான் முதல்வன்" திட்டம் இருக்கிறது.

கல்லூரிக்குப் போகாதவர்களுக்கு

இவர்களை மனதில் வைத்துத்தான் 1972-ல் நேரு யுவ கேந்திரா தொடங்கப்பட்டது. ஊர்தோறும் இளைஞர் மன்றம், மகளிர் மன்றம் அமைத்து, விளையாட்டு, கைத்தொழில், சுகாதாரம், தலைமைப் பயிற்சி என்று நடத்துவது அதன் வேலை. 2023 அக்டோபர் 31 அன்று மத்திய அரசு "மை பாரத்" என்ற அமைப்பைத் தொடங்கியது. பின்னர் நேரு யுவ கேந்திராவின் பணிகளும் அந்தப் பெயரின் கீழ் வந்தன. 15 முதல் 29 வயது வரை உள்ள யாரும் இணையத்தில் பெயர் பதிந்துகொள்ளலாம். படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மருத்துவமனை, அஞ்சலகம், காவல் நிலையம் போன்ற இடங்களில் கூட இருந்து வேலை செய்து கற்றுக்கொள்ளும் வாய்ப்புகளும் அதில் வருகின்றன.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஒரு ஷிப்டு முடித்து வந்து களைத்துப் படுக்கும் 19 வயதுப் பெண்ணுக்கு இந்தச் செய்தியை யார் கொண்டுபோவது? கல்லூரியில் அறிவிப்புப் பலகை இருக்கிறது, திட்ட அலுவலர் இருக்கிறார். மில் வாசலிலும் தறிக் கூடத்திலும் அப்படி யாரும் இல்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. அது இருக்கும் தெருவே பலருக்குத் தெரியவில்லை!

செய்து கற்பது என்றால் என்ன?

அமெரிக்காவில் 4-எச் என்று ஓர் இளைஞர் இயக்கம் உண்டு. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கு சொற்களும் ஆங்கிலத்தில் எச் என்ற எழுத்தில் தொடங்குவதால் அந்தப் பெயர். 1902-ல் ஓஹையோ மாநிலத்தில் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு சங்கமாக அதன் கதை தொடங்கியது. அந்த நாளில் வேளாண் ஆராய்ச்சியாளர்கள் புதிய முறைகளைச் சொன்னால் பெரிய விவசாயிகள் எளிதில் ஏற்கவில்லை. பிள்ளைகள் ஆர்வமாகச் செய்து பார்த்தார்கள். பிள்ளை விளைவித்துக் காட்டியதைப் பார்த்த பிறகு அப்பாவும் மாறினார். "செய்து கற்றல்" என்பது அந்த இயக்கத்தின் அடிப்படையானது இப்படித்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்து போனவர்கள் அல்ல. சொந்த ஊரிலேயே இருந்து, விதைத்ததிலிருந்து அறுக்கும் வரை கூட நின்றவர்கள்.

முகாமில் எங்கே குறை?

இங்கே என்ன நடக்கிறது? கல்லூரி மாணவர்கள் ஒரு கிராமத்துக்கு வருகிறார்கள். கோயில் வளாகத்தைக் கூட்டுகிறார்கள், பேரணி போகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள். புகைப்படம் எடுக்கிறார்கள். ஏழாம் நாள் நிறைவு விழா, பொன்னாடை, பேருந்து. எட்டாம் நாள்?

விருதுநகர் மாவட்டம் மழைக்கு ஐப்பசி, கார்த்திகையை நம்பி இருக்கும் வறண்ட பூமி. மாசி மாதத்தில் கன்று நட்டுவிட்டுப் போனால் சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றுவது யார்? ஆட்டுக்கு வேலி போடுவது யார்? அந்த ஊரில் பொறுப்பு ஏற்க ஒரு குழு இல்லாவிட்டால் அடுத்த ஆண்டும் அதே குழியில் அதே கன்றை நட வேண்டியதுதான்.

இன்னொன்று, மணிக்கணக்கு. பல கல்லூரிகளில் பட்டப் படிப்பின் ஐந்தாம் பகுதியில் இந்தப் பணிக்கும் ஒரு பங்கு உண்டு. அது தவறில்லை. ஆனால் அதற்காக மட்டுமே சேர்ந்து, கடைசி வாரத்தில் உட்கார்ந்து நாட்குறிப்பு முழுவதையும் எழுதி முடிப்பவர்கள் இருக்கிறார்கள். ரசீது இல்லாமல் எழுதிய செலவை எந்தத் தணிக்கையாளராவது ஏற்பாரா? வணிகவியல் வகுப்பில் தப்பு என்று படிப்பது, சேவை செய்யும்போது மட்டும் எப்படிச் சரியாகும்? சட்டையில் குத்திக்கொள்ளும் என்.எஸ்.எஸ். சின்னம் கோனார்க் சூரியக் கோயிலின் தேர்ச்சக்கரம். அதன் எட்டு ஆரங்கள் 24 மணி நேரத்தையும் குறிக்கின்றன. பகலும் இரவும் பணிக்குத் தயார் என்று பொருள். நாட்குறிப்பு எழுத மட்டும் தயாராக இருப்பவருக்கு அந்தச் சின்னம் எதற்கு?

ஏழு நாள், ஏழு பேர்

தீர்வு பெரிதாக ஒன்றுமில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் போதும். முகாமும் 7 நாள்தான். முகாம் நடக்கும் ஊரில், கல்லூரிக்குப் போகாத இளைஞர்களில் 7 பேரைச் சேர்த்து ஒரு மன்றம் அமைத்துக் கொடுத்துவிட்டு வருவதையே முகாமின் முதல் வேலையாக வைக்கலாம். விதிமுறை எழுதுவது, பதிவுக்கு விண்ணப்பிப்பது, மை பாரத்தில் பெயர் ஏற்றுவது எல்லாம் மாணவர்கள் உடன் இருந்து செய்யக்கூடியவை. அந்த 7 பேரில் பெண்களும் இருக்க வேண்டும். வெளியூர் முகாமில் மகளைத் தங்க வைக்கத் தயங்கும் பெற்றோர்கூட, உள்ளூர் மன்றத்தின் வேலைக்கு அவளை அனுப்புவார்கள்.

வணிகவியல் மாணவர்களுக்கு இதில் தனி வேலையே இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி எல்லாக் கிராமங்களுக்கும் பரவின. சேமிப்புப் பதிவேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம் என்று குழுவில் எழுத வேண்டியவை நிறைய. நன்றாகக் கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர் விலகினால் குழுவே தடுமாறும். மூன்று ஆண்டுகள் பேரேடு படித்த மாணவர், அந்த ஊர் இளைஞர்கள் இரண்டு பேருக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் அது மரக்கன்றைவிட நீண்ட நாள் நிற்கும். கற்றுக்கொடுப்பவருக்கும் பாடம் அப்போதுதான் உண்மையில் புரியும்.

"செமஸ்டர் தேர்வு இருக்கிறது, சி.ஏ., டி.என்.பி.எஸ்.சி. என்று ஓட வேண்டியிருக்கிறது, இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆண்டுக்கு 120 மணி நேரம் என்பது வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்கூட இல்லை. ஒரு சினிமா பார்க்கிற நேரம்!

ஆகவே நண்பர்களே, சேருங்கள். கல்லூரியில் இருந்தால் திட்ட அலுவலரைப் பாருங்கள். இல்லாவிட்டால் மை பாரத்தில் பதியுங்கள், ஊரில் மன்றம் இருந்தால் கேட்டு உள்ளே போங்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள், உங்களோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்து, இப்போது மில் வண்டியில் போகிற அந்த ஒருவரிடம் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். சான்றிதழில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கும். ஊருக்குத் தேவை இருவரும்தான்.