அனுபவம் எந்தச் சந்தையில் விற்கின்றது?

1990 ஒக்டோபரில் வடக்கினின்று விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் பலர் தஞ்சம் புகுந்த ஊர் ஆலங்குடா. அங்குப் பிறந்து வளர்ந்த இளைஞன் மென்பொருள் எழுதக் கற்க விரும்பினால் கட்டணம் தடையன்று. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் இலவசமாகவே கற்பிக்கின்றது. பின், தடை யாது? முதல் வேலைக்கே அனுபவம் கேட்கின்றன நிறுவனங்கள்! அனுபவமென்ன, கற்பிட்டிச் சந்தையில் கூறுகட்டி விற்கும் வெங்காயமா?

இளைஞர்களும் சான்றிதழை மட்டும் நீட்டி நிற்றலாகாது. தந்தையின் தோட்டத்து வரவுசெலவுக்கு ஒரு சிறு செயலியேனும் எழுதி, அதன் நிரலைக் கிட்ஹப் தளத்தில் எவரும் ஆராயும்படி வைக்கட்டும். அதுவே மறுக்கவியலாத ஆவணம்.

ஆயினும் பெரும் பொறுப்பு நிறுவனங்களுடையதே. சட்டத்தரணியாகுமுன் மூத்தவரிடம் ஆறு மாதம் தொழில் பயிலுதல் எங்கள் விதி. அவ்விதியை இத்தொழிலும் ஏற்கட்டும்: பட்டமில்லாதோரையும் படிகொடுத்துச் சேர்த்து, அவர் எழுதும் நிரலை மூத்தோர் வரிவரியாகத் திருத்திக் கொடுக்கட்டும். கொழும்பில் வாடகை அறை தேடாமல், ஆலங்குடாவிலிருந்தே அவர்கள் பயிலலாம்.