முத்திரைக் குப்பியும் முறியும் நெஞ்சாங்குலையும்

திண்டிவனத்தினின்று பெருமுக்கல் வழியாகக் கீழ்த்திசை செல்லும் சாலை மரக்காணத்தை அடையும். அதனை அடுத்த கடலோரச் சிற்றூர் எக்கியார்குப்பம். 2023 மே திங்களில் மெத்தனால் கலந்த சாராயம் அக்குப்பத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் 20-க்கு மேற்பட்டோரை மாய்த்தது. அடுத்த ஆண்டே கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நாடே பதைத்தது, பதைக்க வேண்டியதே. ஆயின் அப் பதைப்பினூடே பொய்யானதோர் ஆறுதலும் புகுந்துவிட்டது. 2003 முதல் அரசே கடை வைத்து விற்கும் முத்திரைக் குப்பியில் ஏதமில்லை என்பதே அது.

ஓரிரவில் அளவிறந்து குடித்தவனின் குருதியைக் கேட்டால் உண்மை விளங்கும். காயம்பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் குருதியொழுக்கை அடைப்பவை குருதித் தட்டுகள். வெறியம் ஏறிய முதற் சில மணி நேரம் அவை சோம்பிக் கிடக்கும். தள்ளாடி விழுந்து மண்டை உடைந்தவனுக்குக் குருதி எளிதில் நில்லாமைக்கு இதுவும் ஒரு கரணியம். ‘குடி குருதியை இளக்கும், நெஞ்சுக்கு நல்லது’ என்று திண்ணையில் மருத்துவம் பேசுவோர் இவ்வளவோடு நின்றுவிடுகின்றனர். விடியலில் நடப்பதை அவர் அறியார். வெறியம் வடிய வடிய, அதே தட்டுகள் முன்னினும் விரைந்து ஒட்டத் தொடங்கும். உறைந்ததைக் கரைக்கும் உடலின் ஆற்றலோ அவ்வேளையிற் குன்றியிருக்கும்.

நெஞ்சாங்குலையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. துடிப்பு விரையும், சிலர்க்கு மேலறைகள் ஒழுங்கிழந்து நடுங்கும். நடுங்கும் அறையிற் குருதி தேங்கும், தேங்கியது உறையும், உறைந்த கட்டி மூளைக்கு ஏறின் கைகால் வீழும். 1978-இல் எட்டிங்கர் முதலிய அமெரிக்க மருத்துவர் இத் துடிப்புக் கேட்டிற்கு ‘விடுமுறை நெஞ்சாங்குலை’ என்றே பெயரிட்டனர். ஓய்வுநாட் குடிக்குப் பின் நோயர் வந்தமையே பெயர்க் கரணியம். 2015-இல் செருமானிய நாட்டு மூனிக்கு நகரின் பியர் விழாவில் 3000-க்கு மேற்பட்டோரை ஆய்ந்தபோது, ஏறத்தாழ மூவருள் ஒருவர்க்குத் துடிப்பு இயல்பு திரிந்திருந்தது. பெரும்பான்மை வெறும் விரைதுடிப்பே எனினும், அவர்கள் பருகியது கள்ளச்சாராயம் அன்று.

பெருமுக்கற் பக்கத்துக் கூலியாளன் வெயிலில் நீர் வற்ற உழைத்துக் காரிக்கிழமை மாலை கூலி பெறுகிறான். வற்றிய உடம்பில் வெறியத்தை ஊற்றுகிறான். அது சிறுநீராய் இன்னும் நீரை இறைக்கிறது. ஞாயிறு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், வீட்டார் மோர் கரைக்கின்றனர். திண்டிவனம் மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டிய வேளை அது. அவன் மாண்டால் ‘மாரடைப்பு’ என்று ஒரு சொல்லோடு முடிந்துவிடும். நச்சுச் சாராயச் சாவுக்கு அமைச்சர் வருகிறார், இழப்பீடு வருகிறது. இச் சாவுக்கு, முன்னிரவு எவ்வளவு குடித்தான் என்று கேட்பாரும் இல்லை. மருத்துவர் அக் கேள்வியைக் கேட்டு எழுதிவைக்குமாறு அரசு ஆணையிடட்டும். விற்ற குப்பிகளை நாள்தோறும் எண்ணத் தெரிந்த அரசுக்கு இக் கணக்கு அரிதன்று.