என் காடியே என்னைக் காட்டிக் கொடுத்தது

"நீதானே அவருக்குச் சொன்ன?" என்று தங்கச்சியைக் கேட்டேன். அவள் அழவில்லை. சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் சொல்லவில்லை. சொன்னது வாசலில் நின்ற என் காடி. அது தெரிய இன்னும் நாலு மாதம் ஆனது. அதற்குள் அவள் கல்யாணம் முடிந்துவிட்டது, நான் இல்லாமலே.

2023 மார்ச் வெள்ளத்தில் சிகாமட் மூழ்கியபோது என் பழைய கஞ்சிலும் போனது. பாவம் அது, பெட்ரோல் முள்ளைத் தவிர யாரிடமும் எதையும் சொல்லத் தெரியாத காடி. பிறகு வாங்கியது இது. கெரான், அதாவது பதிவுச் சான்று, என் பெயரில். ஒன்பது வருடக் கடன் என் பெயரில். சாவி வாங்கிய அன்று ஷோரூமில் "ஆப் போடணும் அக்கா" என்றார்கள். என் போன் பழசு. என் வீட்டுக்காரருடைய போனில் போட்டார்கள். 'சம்மதம்' என்று அவர் விரல் தட்டியது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. நானும் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றேன்!

வீட்டை விட்டு ஏன் வந்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். என் முதுகைப் பார்த்த அம்மாவுக்குத் தெரியும். ('அவர்' என்றே கை இன்னும் எழுதுகிறது. பழக்கம்.)

லாபிஸில் அம்மா வீட்டுக்குப் போனேன், சாயங்காலமே வாசலில் நின்றார். ஜெமந்தாவில் சிநேகிதி வீட்டில் ஒளிந்தேன், வந்தார். புகார் கொடுக்கப் போலீஸ் பாலாய்க்குப் போனேன். இன்னும் காடியை விட்டு இறங்கவில்லை, போனில் செய்தி: "பாலாய்ல என்ன வேலை?" குளுவாங்கில் தங்கச்சி வீட்டில் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குக் காடி தானாக ஹார்ன் அடித்தது. விளக்கு மின்னி மின்னி அணைந்தது. தாமானே எழுந்துவிட்டது. ஒயர் கோளாறு என்று நினைத்தேன். கூட்டத்தில் காடியைத் தேடுபவருக்காக ஆப்பில் வைத்த பொத்தானாம் அது. சிகாமட்டில் படுத்துக்கொண்டே அமுக்கியிருக்கிறார், நான் நடுங்குவதற்கு.

யாரைத்தான் சந்தேகப்படவில்லை நான்? சிநேகிதியை, பெற்றவளை, கூடப்பிறந்தவளை... சந்தேகப்படாதது அந்த இரும்பை மட்டும்தான்.

சர்வீஸுக்கு விட்டபோது நம் பையன் ஒருவன்தான் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, காடி எங்க நிக்குதுன்னு ஆப் காட்டும். அதோட மெயின் அக்கவுண்ட் அண்ணன் நம்பர்ல இருக்கு. அவரு ஓகே பண்ணாத்தான் எடுக்க முடியும்."

அவர் ஓகே பண்ண வேண்டுமாம்! காடிக் கம்பெனியிடம் கெரானைக் காட்டினேன். பாங்குத் தவணைப் புத்தகத்தைக் காட்டினேன். போலீஸ் ரிப்போர்ட்டைக் காட்டினேன். எத்தனை தடவை, எந்த நேரத்தில் அந்தப் போனில் என்னைத் தேடினார் என்று கேட்டேன். சொல்ல முடியாதாம். ஆப் வைத்திருப்பவரின் தனியுரிமையாம். அவருக்குத் தனியுரிமை. எனக்கு?

தொடர்ந்து மிரட்டிப் பின்தொடர்வது குற்றம் என்று 2023 மே 31 முதல் மலேசியக் குற்றவியல் சட்டத்தில் 507ஏ பிரிவு இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-லேயே நிறைவேறியது. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று எழுதிக் கேட்டால் 21 நாளில் பதில் தர வேண்டும் என்கிறது அது. கம்பெனிக்கு எழுதினேன். 21 நாள் போனது. இரண்டு மாதம் போனது. இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு அக்கவுண்டை மட்டும் அழித்தார்கள். நான் போன இடம், நின்ற இடம், தூங்கிய வீடு, எல்லாம் எந்த நாட்டுப் பெட்டியில் கிடக்கிறது என்று கேட்டதற்கு இன்றுவரை வாய் திறக்கவில்லை.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். 2023-இல் அமெரிக்காவின் மொசில்லா அமைப்பு 25 காடி பிராண்டுகளின் தனியுரிமை விதிகளை ஆராய்ந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. வாடிக்கையாளர் தகவலை விற்கலாம் என்று 19 பிராண்டுகள் தங்கள் விதியிலேயே எழுதி வைத்திருந்தன. அதே வருடம் டெஸ்லா ஊழியர்கள் சிலர், வாடிக்கையாளர் காடிகளின் கேமரா எடுத்த படங்களைத் தங்களுக்குள் அனுப்பிப் பார்த்ததை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. படித்த இரவு, என் காடிக் கண்ணாடிக்கு மேலே இருந்த சின்னக் கறுப்பு வட்டத்தில் பிளாஸ்திரி ஒட்டினேன். அது கேமராதானா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஐயா, நான் கேட்டது வேலைக்குப் போக ஒரு வண்டி. எங்கே இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேனா? போனில் இருந்து திறக்கச் சொன்னேனா? வேண்டாம் என்றால் நிறுத்த ஒரு பொத்தான், ஒன்றே ஒன்று, வைக்க உங்களுக்கு மனம் வரவில்லையா? விற்கும்போது "இது யாருக்கும்மா?" என்று என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? உங்கள் வீட்டில் பெண்பிள்ளை இல்லையா?

காடியை விற்கலாம் என்றால் கடன் நிற்கிறது. இப்போது அம்மாவைப் பார்க்கப் பஸ்ஸில்தான் போகிறேன். காடி ஓடாமல் நிற்கிறது, தவணை ஓடுகிறது.

நடந்ததை எல்லாம் தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று காட்டுகிறது. பதில் இல்லை.