பகலுக்கு மட்டும் காவல்

முத்துக்குளித்துறையின் முதல் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒரு மந்திரவாதி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடலைப் பார்த்த மார்க்கோ போலோ அவருடைய பிரீமியத்தையும் குறித்துவைத்திருக்கிறார். அரசனுக்குப் பத்தில் ஒன்று. சுறாக்களின் வாயைக் கட்டுகிறவருக்கு இருபதில் ஒன்று. பிற்காலத்தில் இவர்களைக் 'கடல்கட்டி' என்றார்கள். இதில் முக்கியமான ஷரத்து வேறு: கட்டு பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்தால் அவரே அவிழ்த்துவிடுவார்.

எங்கள் கல்லூரிக் கட்டண ரசீதில் 'காப்பீடு' என்று ஒரு வரி உண்டு. மூன்றாம் வருடம் டெங்கு வந்து ஐந்து நாள் படுத்தபோதுதான் அந்த வரிக்கு அர்த்தம் தெரிந்தது. "தம்பி, இது ஆக்சிடென்ட்டுக்கு மட்டும். காய்ச்சலுக்கெல்லாம் வராது" என்றார்கள் அலுவலகத்தில். ஹார்பரில் டேலி கிளார்க்காக இருந்த அப்பா, "அப்ப கால ஒடச்சிக்கிட்டு வந்திருக்கணும்லே" என்று சிரித்தார். அம்மாவின் செயின் அடகுக்குப் போனது.

குழுக் காப்பீட்டில் ஒப்பந்தம் கம்பெனிக்கும் கல்லூரிக்கும் இடையில். பணம் மட்டும் நம்முடையது. வரியிலும் இதே கதைதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. குழுவாக எடுத்தால் 18 சதவீதம்.

"இருபது வயசுப் பையனுக்கு என்ன நோய் வரப்போகுது?" என்பார்கள். அப்படியானால் நோய்க்கும் சேர்த்துக் கொடுப்பதில் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? "முதலமைச்சர் காப்பீடு இருக்கே" என்பார்கள். இருக்கிறது, நல்ல திட்டம். ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டாத குடும்பத்துக்குத்தான். மாதம் பதினோராயிரம் சம்பாதிக்கும் வீடு அதற்குள் வராது.

அரசால் முடியாதா என்றால், செய்து காட்டியிருக்கிறது. 2020 ஜூலையில் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 'கொரோனா கவச்' என்ற ஒரே மாதிரிக் குறுகியகால பாலிசியைக் கம்பெனிகள் விற்றே ஆகவேண்டும் என்றது. காலம் மூன்றரை, ஆறரை, ஒன்பதரை மாதம். அக்டோபரிலேயே அதைப் புதுப்பிக்கவும் வேறு பாலிசிக்கு மாறவும் வழி திறந்தது. பயம் எல்லோருக்கும் இருந்தபோது விதி மூன்றே மாதத்தில் வளைந்தது. மாணவனின் பயத்துக்கு அந்த அவசரம் இல்லை.

நான் கேட்பது மூன்று. எது உண்டு, எது இல்லை, என்றைக்கு முடிகிறது என்று தமிழில் ஒரு பக்கத் தாள், மாணவன் கையில். நோயையும் சேர்த்த, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஒரு மாணவர் பாலிசி. மூன்றாவது, படித்த வருடங்கள் கணக்கில் ஏறவேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் மூன்று வருடம், பி.இ. படிப்பு நான்கு வருடம். ஆஸ்துமாவோடு சேர்ந்த ஒரு பெண் பட்டம் வாங்கும் நாளில் காத்திருப்பை முடித்திருக்க வேண்டும், தொடங்கக் கூடாது.

ரசீதை எடுத்துப் பாருங்கள். அந்த வரி இருந்தால் நாளைக்கே அலுவலகத்தில் போய் பாலிசி நகல் கேளுங்கள். கடல்கட்டிகூட, கட்டு எப்போது அவிழும் என்பதைக் குளிக்கிறவனுக்குச் சொல்லியிருந்தார்.