மூட்டை வாங்குவதெல்லாம் சேமிப்பா?

உறுப்பினர் அட்டையோடு நுழையும் மொத்த விற்பனைக் கூடங்கள் டெல்லிவாசிகளுக்குப் புதியன அல்ல. ஜெர்மனியின் மெட்ரோ நிறுவனம் 2003-இல் பெங்களூருவில் கால்பதித்து, பின்னர் தலைநகருக்கும் வந்தது. அதன் இந்திய வணிகம் 2023-இல் ரிலையன்ஸ் வசமாயிற்று. அதன் அட்டை வணிகர்களுக்கென்றே வகுக்கப்பட்டது.

அதற்கான காரணத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வணிகர் தாம் வாங்கிய மூட்டையைச் சில நாள்களில் விற்றுவிடுவார். இல்லத்தாரோ அதை மாதக்கணக்கில் காக்க வேண்டும். டெல்லியின் மழைக்கால ஈரக்காற்றில் கோதுமை மாவிலும் ரவையிலும் வண்டு விழ நெடுநாள் ஆகாது. கிலோவுக்கு 10 ரூபாய் குறைவென்று 10 கிலோ துவரம்பருப்பு வாங்கினால் மிச்சம் 100 ரூபாய். அதில் ஒரு கிலோ கெட்டாலே அந்த மிச்சம் போய்விடும். கடன் அட்டையில் வாங்கி, நிலுவையை முழுவதும் செலுத்தாமல் விட்டாலோ வட்டியும் சேரும்.

மொத்தமாக வாங்குவது தவறென்று சொல்லவில்லை. உப்பு, சோப்பு, சலவைத்தூள் போன்ற கெடாத பொருள்களுக்கு அது ஏற்றதே. பருப்பையும் மாவையும் அண்டை வீட்டார் நால்வர் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். எந்த அளவுப் பொட்டலமாயினும் கிலோவுக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்ப்பது நன்று. புறப்படுமுன் ஒரு மாதத் தேவையைத் தாளில் எழுதி, அதற்கு மேல் வாங்காதிருப்பதே உண்மையான சேமிப்பு.