சிக்கிய காகிதம்

'ஜெராக்ஸ்' என்ற சொல்லை அறியாதவர் இன்று அருப்புக்கோட்டைச் சீமையில் இல்லை. எழுத்தறியாத பாட்டியும் ஆதார் அட்டையை நீட்டி, "ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடு, தம்பி" என்கிறாள். அச்சொல்லின் வேர் கிரேக்க பாஷையில் இருக்கிறது. 'உலர்ந்தது' என்பது அதன் பொருள். வானம் பார்த்த நம் கரிசல் பூமிக்கு இதைவிடப் பொருத்தமான யந்திரம் உண்டோ?

ஆனால் அந்த யந்திரத்துக்கும் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. அவசர வேளை பார்த்துக் காகிதத்தை விழுங்கிவிட்டு நின்றுவிடும்.

சென்ற ஆண்டு நான் பணிபுரியும் பள்ளிக்கூடத்தில் இது நேர்ந்தது. ஒரு மாணவி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள். அவளுடைய மதிப்பெண் சான்றிதழின் அசலை நகலெடுக்க வேண்டும். நாலாக மடித்து வைத்திருந்த அந்தக் காகிதத்தைக் கண்ணாடியின்மீது வைப்பதற்குச் சோம்பி, தானாக இழுத்துக்கொள்ளும் மேல் தட்டில் வைத்துவிட்டேன். பாதி உள்ளே போயிற்று, 'கடக்' என்றது, யந்திரம் நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. நான் பதறிப்போய், வெளியே தெரிந்த நுனியைப் பற்றி இழுக்கப் போனேன்.

"வாத்தியாரையா, இழுக்க வேண்டாம்!" என்று ஒரு குரல் கேட்டது. பெண்ணின் தகப்பனார், தறி நெய்கிறவர். "பாவில் சிக்கு விழுந்தால் நாங்கள் இழுப்பதில்லை. சிக்கு எங்கே இருக்கிறதென்று முதலில் பார்ப்போம்" என்றார்.

மூடியைத் திறந்தேன். உருளைகளின் பிடி தளர்ந்தது. இரண்டு கைகளாலும் மெதுவாக எடுக்க, சான்றிதழ் முழுசாக வந்தது. ஒரு மூலை மட்டும் கசங்கியிருந்தது. பட்டம் பெற்ற எனக்கு அன்று தறிக்காரர் பாடம் சொன்னார்.

பிறகு இதன் சூட்சுமத்தைச் சற்று விசாரித்தேன். 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி, நியூயார்க் நகரின் அஸ்டோரியாப் பகுதியில், செஸ்டர் கார்ல்ஸன் என்பவர் ஈர மருந்து எதுவும் இல்லாமல், நிலை மின்சாரத்தையும் ஒரு பொடியையும் கொண்டே முதல் நகலை எடுத்தார். இருபத்தோராண்டு கழித்து, 1959-இல், '914' என்ற காரியாலய யந்திரம் வெளிவந்தது. அதில் சிக்கிய காகிதம் சில சமயம் கருகித் தீப்பற்றும் என்பதால் தீயணைக்கும் கருவி ஒன்றையும் உடன் கொடுத்தார்களாம்!

இன்றைய யந்திரத்திலும் காகிதம் செல்லும் வழி ஏறக்குறைய அதுதான். தட்டிலிருந்து ரப்பர் உருளை ஒரு தாளைப் பிரித்து எடுக்கிறது. பளபளக்கும் உருளையருகே அதன்மேல் பொடி படிகிறது. பின்பு சுமார் 180 டிகிரிச் சூட்டில் பொடி உருகிப் பதிகிறது. வழி நெடுகக் காவல் இருக்கும் சிறு உணர்விகள், தாள் குறித்த கணத்தில் வந்து சேராவிட்டால் உடனே ஓட்டத்தை நிறுத்திவிடுகின்றன. ஆகையால் யந்திரம் நிற்பது குறும்பன்று. 'இதற்குமேல் போனால் கெடும்' என்ற எச்சரிக்கை.

சிக்கிய இடமே காரணத்தையும் சொல்லிவிடும். தட்டின் வாயிலில் சிக்கினால், தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அல்லது உருளையில் தூசு படிந்திருக்கிறது என்று கொள்ளலாம். கோடையில் நம் ஊரின் வறண்ட காற்றில் தாள்கள் மின்னேற்றம் கொண்டு ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன; நகலுக்கு உயிரான நிலை மின்சாரமே இங்கே பகையாகிறது. கட்டை விசிறிபோல் பிரித்து உதறி, குறியிட்ட கோட்டுக்குமேல் நிரப்பாமல் வைத்தால் போதும். சூடேறும் பகுதியில் சிக்கினால், பெரும்பாலும் ஈரம் உண்டு சுருண்ட காகிதமே காரணம். கரூரை அடுத்த புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் ஆலை உண்டு. அத்தகைய ஆலைகள் 500 தாள் கட்டை உறையிட்டு அனுப்புவது அழகுக்காக அன்று, ஈரம் புகாதிருக்கவே. ஐப்பசி அடைமழையில் பிரித்த கட்டைத் திறந்து போடலாகாது.

எடுக்கும் முறை இதுதான்: முதலில் மின்சாரத்தை நிறுத்துக. சூடேறும் பகுதியானால் அரைமணி நேரம் ஆறவிடுக. பளபளக்கும் உருளையைத் தொடாதீர்கள். அதன்மேல் வெயிலும் படலாகாது. தாள் எந்தத் திக்கில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் திக்கிலேயே இரு கைகளாலும் எடுங்கள். கிழிந்துவிட்டால் துண்டுகளை மேஜைமீது பொருத்திப் பாருங்கள். ஒரு மூலை குறைந்தாலும் அது உள்ளேதான் இருக்கிறது. அடுத்த தாளும் அங்கேதான் சிக்கும். தூசு படிந்த ரப்பர் உருளையை லேசாக நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். அப்படியும் அதே இடத்தில் மறுபடியும் சிக்கினால் உருளை தேய்ந்துவிட்டது. பழுது பார்ப்பவரை அழையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அசல் சான்றிதழைக் கண்ணாடியின்மீதே வையுங்கள். ஒரு நிமிஷம் கூடுதலாகும்; ஆகட்டும். அந்தப் பெண்ணின் விண்ணப்பம் அன்று மாலையே போய்ச் சேர்ந்தது. இப்போது எங்கள் யந்திரத்தின் பக்கத்துச் சுவரில் என் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'இழுக்காதே, முதலில் பார்.' அதன் கீழே ஆசிரியர் பெயர் போடவில்லை. போடுவதானால் அந்தத் தறிக்காரர் பெயரைத்தான் போட வேண்டும்.